இருபதாம் எண்

கூடத்தில் அப்பாவின் சவப்பெட்டி திறந்திருக்கிறது. குமாசி நகரின் காலை வெயில் உறவினர்களின் கறுப்பு சிவப்புத் துக்கத் துணிகளில் விழுகிறது. மூலையில் மகள் அஃப்ரியே தன் சர்வரின் முன் மண்டியிட்டிருக்கிறாள். அதன் வழியாகத்தான் டொராண்டோவில் இருக்கும் அண்ணன் இந்தச் சடங்கைப் பார்க்க வேண்டும். கரண்ட் போய் வந்ததிலிருந்து அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "என் போன்ல நல்லாத் தெரியுதேம்மா!" என்கிறார் சித்தப்பா. "நீங்க நம்ம வைஃபைல இருக்கீங்க சித்தப்பா. வெளிய இருக்கிறவனுக்குத்தான் வழி இல்ல." "மூடியைத் தூக்கிட்டாங்க, சீக்கிரம்!" என்று அவசரப்படுத்துகிறார் சித்தப்பா. வெளியிலிருந்து வருபவரை ரவுட்டர் இருபதாம் எண்ணுக்குத்தான் அனுப்பும். வீட்டு நெட்வொர்க்கில் அது சர்வரின் எண். கரண்ட் வந்ததும், சர்வர் கண்விழிப்பதற்குள், ஏதோ ஒரு போன் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. யாருடையது? திரையில், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் இறங்கும் அவள் விரல் ஒரு பெயரில் நிற்கிறது. ஒபெங். அப்பா. அணைக்க யாருக்கும் மனம் வராமல் படுக்கையறையில் சார்ஜில் கிடக்கும் போன். அண்ணன் இவ்வளவு நேரமும் அப்பாவைத்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். "மூடப்போறோம்மா!" என்று சவப்பெட்டியருகிலிருந்து ஒரு குரல். அஃப்ரியே உள்ளே ஓடுகிறாள். பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி அப்பாவின் போனை அணைக்கிறாள். ஓடி வந்து சர்வரை மறுபடி எழுப்புகிறாள். பச்சை விளக்கு துடிக்கிறது. காதிலிருக்கும் இயர்போனில் அண்ணனின் விம்மல் கேட்கிறது: "தெரியறாரு... அப்பா தெரியறாரு."