தையல்காரரின் முன்பல்

வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் அப்பாவின் சொற்பொழிவைக் கேட்டுத் தொலைக்க வேண்டும். நான் ஒரு வாரமாகக் கேட்கிறேன், உங்களுக்கென்ன?

அப்பா பல் டாக்டர். நாளைக்குப் பல் டாக்டர்கள் மாநாட்டில் பேசுகிறார். கண்ணாடி முன்னால் ஒத்திகை.

“இம்ப்ளான்ட் மேல நான் மாட்டின செராமிக் கேப், இதுவரை ஒண்ணுகூட உடைஞ்சதில்ல!”

“எப்படிப்பா தெரியும்?”

“உடைஞ்சிருந்தா வந்திருப்பாங்கல்ல? யாரும் வரல. அப்போ எல்லாம் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?”

அத்தாட்சிக்கு மேடையேறப் போகிறவர் கடைத்தெரு தையல்காரர். கிளினிக் திறந்ததும் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். தாடை எலும்புக்குள் திருகை இறக்கி, அதன்மேல் முன்பல்லை மாட்டிவிட்டது அப்பாதான். இன்றைக்கும் அப்பா அந்தப் பக்கம் போனால், “பாறை டாக்டர், பாறை!” என்று பல்லைக் காட்டுவார்.

“அடுத்த தெரு பல் புடுங்கி நாளைக்கு வரணும். அவன் மூஞ்சி போற போக்கை நான் பாக்கணும்.”

அடுத்த தெருக்காரரும் முறையாகப் படித்த டாக்டர்தான். அப்பாவின் அகராதியில் அவருக்கு அந்தப் பெயர்.

எனக்கு நாக்கு அரித்தது. மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு அவர் குரலில், “வாயை இன்னும் கொஞ்சம் திறக்கலாமே, இல்லையா?” என்றேன்.

மற்ற நாளாக இருந்தால், “அடுத்தவங்களைக் கேலி பண்றதே உனக்குப் பொழப்பா?” என்று தலையில் குட்டு விழுந்திருக்கும். இன்றைக்கு அப்பாவின் முகம் மலர்ந்தது.

“ஏய் குரங்கே! இதே குரல்ல தையல்காரருக்கு ஒரு போன் போடு. ‘பழசைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டித் தரேன்’னு ஆசை காட்டு. மனுஷன் விடுற டோஸை நானும் கேக்கணும்.”

என் நம்பர் அவருக்குத் தெரியாது. அடித்து, ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா இப்போதே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நீங்கள் இன்னும் பொறுங்கள்.

“வணக்கம், பல் டாக்டர் பேசறேன். உங்க முன்பல்லைக் கழட்டிட்டு அருமையா ஒண்ணு மாட்டிடலாமே, இல்லையா?”

தையல் மெஷின் கடகடவென ஓடும் சத்தத்தோடு பதில் வந்தது.

“எதுக்கு டாக்டர்? நல்லாத்தானே இருக்கு!”

அப்பா என் முதுகில் தட்டினார்.

“பழசாச்சே. போட்டவரோட கைராசியும் ஒரு மாதிரி...”

“என்ன டாக்டர், உங்களை நீங்களே திட்டிக்கிறீங்க? இதைப் போட்டது நீங்கதானே? அவர் போட்டது ரெண்டாம் வருஷமே, நூலைக் கடிக்கறப்ப உடைஞ்சு பட்டன் டப்பாவுல விழுந்துச்சே! மறந்துட்டீங்களா?”

அப்பாவின் கை வாய்மேலேயே இருந்தது. குலுங்கல்தான் நின்றுவிட்டது.

எனக்கு மூக்குக் குரல் தடுமாறியது. “அப்போ... அவர்கிட்டயே போயிருக்கலாமே, இல்லையா?”

“எப்படிப் போறது டாக்டர்? புதுசா போர்டு மாட்டின மனுஷன். என் பல்லைக் கட்டினதுலதான் அவருக்குத் தைரியமே வந்துச்சு. உடைஞ்சுபோச்சுன்னு போய் நின்னா அன்னிக்கே கடையை மூடியிருப்பார். நீங்க மட்டும் லேசுப்பட்டவரா? அவர் கண்ணுல படக் கூடாதுன்னு, அவர் போட்ட பல்லுல இருந்த கோணலைக்கூட விடாம அப்படியே செஞ்சு மாட்டினீங்களே!”

அப்பா என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

“நான் ஒருத்தனா? உங்க கிளினிக் ஹால்ல உக்காந்திருக்கறதுல பாதிப் பேர் அவர்கிட்ட கேப் போட்டவங்க. அவர் மனசு நோகக் கூடாதுன்னு அத்தனை பேருக்கும் அதே கோணலோட செஞ்சு குடுத்துட்டு, வெளியில மூச்சு விடாம இருக்கீங்க. எல்லாருக்கும் வருமா இந்தக் குணம்?”

அப்பா வாயிலிருந்து கையை எடுத்தார்.

“அத்தனை பேருமா?”

மறுமுனையில் தையல் மெஷின் சட்டென்று நின்றது.