சாவியை விட்டதும்

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் ஓடியது. விட்டதும் நின்றது.

அப்பா மறுபடியும் திருப்பினார். மறுபடியும் நின்றது.

நாளைக்கு அம்மாவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. அதைச் செய்ய முகத்துவாரக் கடற்கரைக்குத் தன் காரில்தான் போவேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். எழுபத்தைந்தாம் ஆண்டுக் கார். வீட்டில் அதுதான் மூத்த பிள்ளை, நான் அதற்குப் பிறகுதான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மெக்கானிக் கொன்ஸ்ரன்ரைன், எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் பொனட்டைத் திறந்து குனிந்துகொண்டிருந்தார்.

அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த காலையில் நான் பம்பலப்பிட்டியில், ஒபிசில். அம்மாவைப் பின்சீற்றில் ஏற்றிவிட்டு அப்பா பதினொரு தடவை சாவியைத் திருப்பினாராம். பிறகு ஓட்டோ பிடித்துக் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

பதற்றத்தில் தான்தான் ஏதோ பிழையாகச் செய்துவிட்டதாக அப்பா நினைக்கிறார். ஒரு மாதமாக, காலையில் எழும்பியதும் காருக்குள் போயிருந்து சாவியைத் திருப்பிப் பார்க்கிறார்.

எனக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. அழுகைதான் இன்னும் வரவில்லை.

கொன்ஸ்ரன்ரைன், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் கொயிலுக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைப் பீங்கான் துண்டைத் தொட்டார்.

"அங்கிள், ஸ்டார்ட் பண்ணுற நேரம் கரண்ட் நேரா கொயிலுக்குப் போகும். சாவிய விட்டா இந்த ரெசிஸ்டர் வழியாத்தான் வரணும். இது பழுதாகல. யாரோ வயர கழட்டி டேப் சுத்தி வெச்சிருக்காங்க."

அப்பா இறங்கி வந்து, முகத்தை வயருக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பச்சை டேப். அயன்பொக்ஸ் வயரில் அம்மா சுற்றியிருப்பதும் அதே பச்சைதான்.

"கொம்மாதான். என்ர கண் ஒப்பரேஷன் முடியுமட்டும் கார் எடுக்காதேங்கோ எண்டு அவள்தானே அரியண்டம் தந்தவள். விசர் மனுசி… சிவானி, உனக்கும் சொல்லேல்லையோ?"

"இல்லையப்பா."

கொன்ஸ்ரன்ரைன் டேப்பை உரித்து வயரைக் கொழுவினார். அப்பா ஏறிச் சாவியைத் திருப்பினார். விட்டார்.

எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. அப்பா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து, அம்மா செத்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். அவருடைய பிழை இல்லை.

அம்மாவுக்கு பொனட்டைத் திறக்கவே தெரியாது.

யூடியூப்பைப் பார்த்து அந்த வயரைக் கழற்றியது நான். ஒப்பரேஷன் முடிந்ததும் சொல்லிவிட்டுச் சிரிக்கலாம் என்றிருந்தேன். அம்மாவின் மேசை லாச்சியிலிருந்து எடுத்த டேப்பில் மிச்சம் இன்னும் என் கைப்பைக்குள் இருக்கிறது.