எனக்கு முன்னால் ஒருவர்

எனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான்.

பெயர் தெரியாது. பட்டியலில் விண்ணப்ப எண்ணை மட்டும்தான் போட்டிருந்தார்கள். பி.ஏ. வரலாறு, தமிழ் மொழிச் சிறுபான்மையினருக்கான இடம், காலி ஒன்று. முதல் ரேங்க் 4426. இரண்டாம் ரேங்க் 4418.

4418 நான், ரெனி. எனக்கு எட்டு எண் பின்னால் விண்ணப்பித்த ஆள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. எரிச்சல் வருமா வராதா?

ஸ்பாட் அட்மிஷனுக்காகக் கல்லூரி ஹாலில் எண்பது பேர் இருந்தோம். மிச்சம் கிடக்கும் இடங்களை இன்றே நிரப்பிவிடுவார்கள். ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை கூப்பிடுவார்கள். ஆள் எழுந்திருக்கவில்லை என்றால் இடம் அடுத்த ரேங்குக்குப் போய்விடும்.

அதாவது எனக்கு.

பாறசாலையில் ரயில் ஏறியதிலிருந்து எனக்கு இதே கணக்குத்தான். 4426 வேறு கல்லூரியில் சேர்ந்திருக்கலாம். டிசி வாங்க மறந்திருக்கலாம். ரயிலைத் தவறவிட்டிருக்கலாம். தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கும்போது என் வாய்ப்பு எழுபது சதவீதம் என்று முடிவு செய்திருந்தேன். கல்லூரி வாசலுக்கு வந்ததும் அது ஐம்பதாகிவிட்டது.

அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்து படுத்துக்கொண்டால் தேவலை என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அப்பிடிச் சொல்லாத மக்ளே. அதுக்கும் ஒரு ஆச இருக்கும்லா."

அம்மா எப்போதும் இப்படித்தான். ஊரிலுள்ள எல்லோருக்காகவும் பரிதாபப்படுவாள், பெற்ற மகளை விட்டுவிட்டு.

லீலாபாய் என்பது அவள் பெயர். பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் வற்றல் மிளகாய் தரம் பிரிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, ஸ்டாக் எடுக்க வேண்டும் என்று கடைக்கு ஓடுவாள். சுயநிதிக் கல்லூரியெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இந்த இடம் கிடைக்காவிட்டால் நானும் அதே கடையில் பில் போடப் போக வேண்டியதுதான். முதலாளி அம்மாவிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

இரண்டு வருடமாக நான் வீட்டில் பேசியதெல்லாம் இந்தக் கல்லூரியைப் பற்றித்தான். இங்கே நூலகத்தில் எத்தனை ஜன்னல் என்பது அம்மாவுக்கே தெரியும். அவள் தோசை சுடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். விட்ட இடத்தை எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு அவளுக்குப் பாடமாகிவிட்டது. மகள் படிப்பதைக் கேட்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம், பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

பெஞ்சில் நான் நடைவழிப் பக்கம் உட்கார்ந்தேன். கூப்பிட்டால் உடனே எழுந்து ஓட வேண்டும் அல்லவா. அம்மாவைச் சுவரோரம் தள்ளிவிட்டேன். அவள் மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குப் பொதிச்சோறு இருக்கும்.

யார் அந்த 4426 என்று ஹாலில் முகம் முகமாகத் தேடினேன். கனகாம்பரம் வைத்திருந்த ஒருத்தியின் மேல் பலமான சந்தேகம் வந்தது. அவள் தன் அப்பாவோடு மலையாளத்தில் சண்டை பிடிக்கத் தொடங்கியதும் நிம்மதியாயிற்று.

அட்மிஷன் நடத்தும் ஷிபு சார் மேடையில் பட்டியலை எடுத்தார்.

"நாலாயிரத்தி நானூற்றி இருபத்தாறு. ஹாஜருண்டோ?"

யாரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் பெஞ்ச் மட்டும் கொஞ்சம் ஆடியது. நான் பதற்றத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அது ஜில்லென்று இருந்தது.

இரண்டாம் முறை கூப்பிட்டார். யாரும் இல்லை. அம்மாவின் கையை இன்னும் அழுத்திப் பிடித்தேன். என் வாய்ப்பு தொண்ணூறு சதவீதம். கனகாம்பரக்காரியைப் பார்த்துச் சிரிக்கக்கூடத் தோன்றியது.

மூன்றாம் முறை.

அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நின்றாள்.

சர்டிபிகேட்டில் ஏதோ மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தாள். மேலே இருந்த மதிப்பெண் பட்டியலில் அம்மாவின் படம் இருந்தது. துல்யதா பிளஸ் டூ. படிப்பை விட்டவர்கள் ஞாயிறு வகுப்புக்குப் போய் எழுதும் பரீட்சை. ஃபைலின் மூலையில் பேனாவால் 4426 என்று எழுதியிருந்தது.

ஆரியசாலையில் அந்தக் கடை ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் இருந்தது. அக்ஷயா கம்ப்யூட்டர் மையத்தில் என் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு நான் வெளியே சர்பத் குடித்துக்கொண்டு நின்றேனே, அம்மா உள்ளே இத்தனை நேரம் என்ன செய்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

அவளுக்குத் தெரிந்த ஒரே கல்லூரியை எழுதியிருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்த கல்லூரியை.

அம்மாவுக்கு வாய் திறக்க வரவில்லை. என் முட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிபு சார் தலை நிமிராமல் பேனாவால் ஒரு கோடு போடப் போனார். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். உட்கார்ந்திருந்தால் போதும், அடுத்த எண் என்னுடையது.

நான் எழுந்தேன்.

"சாரே, ஆளு உண்டு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான்தான் 4426 என்று நினைத்து, சர்டிபிகேட்டுக்காக என் பக்கம் கையை நீட்டினார்.

நான் நடைவழியில் இறங்கி அம்மாவுக்கு வழிவிட்டேன்.