ஸ்டெப்னி இல்லாத வண்டி

லாரி ஷெட்டில் குடியிருந்த எலியம்மாவின் புருஷன் மூப்பெய்திப் போய்ச் சேர்ந்தார். எலியம்மாவுக்கும் அதே வயதுதான், மீசைகூட நரைக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தது கூரையில் இருந்த கிழட்டு ஆண் புறா.

“என்ன செய்ய அண்ணே, பிறவியே அப்படி” என்றது எலியம்மா. “பொம்பளைங்க எங்களுக்கு, ஆணா பொண்ணான்னு தீர்மானிக்கிற மரபணு மூட்டை ஜோடியா இருக்கு. ஒண்ணு பழுதானா இன்னொண்ணு ஓட்டும். ஆம்பளைக்கு ஒண்ணுதான். ஸ்டெப்னி இல்லாத வண்டி எவ்வளவு தூரம் ஓடும்?”

புறா பெருமூச்சு விட்டது. “எங்க இனத்துல தலைகீழ்மா. ஆம்பளைக்குத்தான் ஜோடி. அதான் என் வீட்டுக்காரி எனக்கு முந்திப் போய்ச் சேர்ந்துட்டா.”

எலியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு புறாவை ஏற இறங்கப் பார்த்தது.

“சும்மா பிறவி மேல பழியப் போடாதீங்க அண்ணே. அந்த மகராசிய என்ன பாடு படுத்தினீங்களோ.”