ஏழு வயது அழுகை

பூங்கோதைக்கு முப்பத்தாறு வயது. சிறுமியாக அவள் நடித்த படங்களை எல்லாம் விழுங்கிய ஒரு கம்பெனியின் கணினி, ஏழு வயதுப் பூங்கோதையைத் திரையில் உருவாக்கி இன்றும் சீரியல்களில் நடிக்க வைத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூங்கோதையைத்தான் யாரும் கூப்பிடவில்லை.

அன்று டிவியில் அந்தக் குழந்தை கீழுதட்டைக் கடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதது. பூங்கோதைக்குச் சுருக்கென்றது. எந்தப் படத்திலும் அவள் அப்படி அழுததில்லை. ஏழு வயதில், அப்பா இறந்த அன்று, வீட்டில்தான் அப்படி அழுதாள்.

பக்கத்தில் அம்மா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா செத்த அன்னிக்கு என்னை வீடியோ எடுத்தியாம்மா?"

அம்மா டிவியைப் பார்த்தபடியே தலையாட்டினாள்.

"அதைக் கம்பெனிக்குக் குடுத்தியா?"

"நிஜமா அழுதது ஒண்ணு வேணும்னு கேட்டாங்க," என்றாள் அம்மா. பிறகு பெருமை தாங்காமல் சொன்னாள்: "அன்னிக்கு நீ எவ்வளவு நல்லா அழுதே தெரியுமா!"