கசக்காத மாத்திரை

"தூக்கிச் சாக்கடையில போடு அந்த மாத்திரையை!"

தொழிற்சங்க அலுவலகத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. செயலாளருக்கு மைக் தேவையில்லை. பட்டறையில் அவருக்கு 'இடி' என்றே பெயர்.

எதிரே நின்ற லாரி டிரைவர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். மனைவிக்காக மனநல டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை அதற்குள் இருந்தது.

"இல்ல தோழர்... அவ படுக்கையை விட்டே எழுந்திரிக்க மாட்டேங்குறா. புள்ளைங்க அழுதாக்கூட சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குறா. இது மனச்சோர்வு நோய், இன்னைக்கே மாத்திரையை ஆரம்பிங்கன்னு டாக்டரு சொன்னாரு. அதான் உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"நோயாம் நோய்! ஓய்வில்லாம வேலை வாங்குவான், கூலியைக் குறைப்பான், வாடகையை ஏத்துவான். மனுஷன் ஓய்ஞ்சு உக்காந்தா கையில மாத்திரையைத் திணிப்பான். நம்ம வாயை அடைக்கிறதுக்குன்னே முதலாளி கண்டுபிடிச்ச மருந்துய்யா அது!"

மூலையில் தரையில் உட்கார்ந்து, மறுநாள் ஊர்வலத்துக்கான துணிப் பதாகையில் சிவப்பு எழுத்து எழுதிக்கொண்டிருந்தாள் செயலாளருடைய தம்பி மனைவி. அவள் தலை ஒரு முறை நிமிர்ந்து, மறுபடி குனிந்தது.

"இதோ, இவ புருஷனையே எடுத்துக்க. என் கூடப் பொறந்தவன். போன வருஷம் எப்படிக் கிடந்தான்? பட்டறைப் பக்கம் வரல, பேச்சில்ல, சிரிப்பில்ல, நடைப்பிணம். இன்னைக்கு? ஒலிபெருக்கி எடுத்துட்டு வரேன்னு விசிலடிச்சுக்கிட்டுப் போயிருக்கான்!"

"அவருக்கும் இதே மாதிரி மாத்திரைதானே தோழர் குடுத்தாங்க?"

இடி சிரித்தார். வென்றவன் சிரிப்பு.

"எழுதிக் குடுத்தாங்க. யாரு சாப்பிட்டா? இவ சாயங்கால ஷிப்ட் போயிருவா. மாத்திரை குடுக்குற வேலை என் தலையில. நான் என்ன குடுத்தேன் தெரியுமா? வெறும் சத்து மாத்திரை! வைட்டமின்! டாக்டர் மருந்தை எல்லாம் தண்ணியில கரைச்சு ஊத்திட்டேன். பையன் எழுந்து நின்னானா, இல்லையா? அவனை எழுப்பினது போராட்டம்! நான் தினம் தினம் பேசின பேச்சு! உன் பொண்டாட்டியையும் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வா. மத்ததை நான் பாத்துக்குறேன்."

டிரைவரின் முகம் தெளிந்தது. அட்டையை வெளியே எடுத்தார். குப்பைக் கூடை பக்கத்திலேயே இருந்தது.

"டிரைவர் அண்ணே, அதைப் போடாதீங்க!"

தூரிகையை வீசிவிட்டு எழுந்து நின்றாள் தம்பி மனைவி. பதாகையில் பாதி எழுத்தின் மேல் சிவப்பு வழிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"மாமா, எங்க வீட்டோட போகட்டும்னுதான் இவ்வளவு நாளும் பேசாம இருந்தேன். இப்ப இன்னொரு வீட்டுக்கும் கொள்ளி வைக்கப் போறீங்களே!"

"என்னம்மா பேசுற? அவன் குணமாகலையா?"

"குணமானாரு. பின்னாடி காலையில நானே குடுத்த டாக்டர் மாத்திரையில! நீங்க குடுத்த வைட்டமின்ல அவரு எங்க போய் நின்னாரு தெரியுமா? மொட்டைமாடி விளிம்புல! சட்டையைப் பிடிச்சு இழுத்தது நான். இழுத்த வேகத்துல காலர் கிழிஞ்சு என் கையோட வந்துருச்சு."

இடியின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்தது.

"அப்படியே டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டு ஓடினேன். திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சோம். எல்லாருக்கும் மருந்து கேக்கும்னு டாக்டர் ஒண்ணும் சத்தியம் பண்ணலை. முதல் மருந்து சரியாக் கேக்கல. வேற மாத்தினாரு. அதுவும் எடுத்த உடனே வேலை செய்யல. வாரக்கணக்குல பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தோம். அப்புறம் ஒருநாள் அவராவே எழுந்து குளிச்சாரு. பசிக்குதுன்னாரு. உங்க கூட்டத்துக்கு வந்தது அதுக்கும் பிறகுதான் மாமா. வேண்டாம்னு சொல்லல, அந்தக் கூட்டமும் அவருக்கு நல்லதுதான் செஞ்சுது. ஆனா உங்க பேச்சைக் கேக்குறதுக்கும் முதல்ல ஆளு எழுந்து நடக்கணும்ல?"

டிரைவர் அட்டையைப் பத்திரமாகப் பைக்குள் வைத்து, பொத்தானையும் போட்டுக்கொண்டார். "வரேன் தோழர்" என்று சொல்லக்கூட நிற்கவில்லை.

"முதலாளி வாயை அடைக்கிறான்னு மேடை மேடையா முழங்குறீங்களே," என்றாள் அவள். "இத்தனை மாசமா என் வாயை அடைச்சு வச்சது எந்த முதலாளி?"

இடி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தணிந்த குரலில் பேசினார். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"நேத்துக்கூட நான் நீட்டினதும் 'சரிண்ணே'ன்னு வாங்கிப் போட்டுக்கிட்டானேம்மா... நான் மாத்தினதை நீ எப்படியோ கண்டுபிடிச்சிட்ட. சரி. அவனுக்குத் தெரிய வேண்டாம். என் மேல உசிரையே வச்சிருக்கான். நீ சொல்லிடாத."

அவள் சிரித்தாளா, அழுதாளா என்று சொல்ல முடியாது.

"கண்டுபிடிச்சதே அவருதான் மாமா, டாக்டர் மாத்திரை கசந்ததும், அண்ணன் குடுத்தது கசக்கலையேன்னு. 'ஊருக்கே தைரியம் சொல்ற மனுஷன், தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு, அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாத'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டு, தினமும் உங்க வைட்டமினையும் முழுங்கிட்டு இருக்காரு."