ஒரு நிமிடம்

விரட்டி ஓட்டி வந்த டர்போ காரை நிறுத்தியதும் அணைக்கக் கூடாது. உள்ளே, எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் டர்போ நெருப்பாய்க் கொதிக்கும்; ஒரு நிமிடம் எஞ்சின் ஓடினால்தான் ஆயில் பாய்ந்து சூடு தணியும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் கல்யாண மண்டப வாசலில், அத்தனை பேர் முன்னால், முதலாளி தணிகாசலம் என்னை அறைந்தார்.

"டர்போ ஆறணும் சார்" என்றேன்.

"உன்னைக் காரணம் கேட்டேனா? வண்டி நின்னா ஆஃப் பண்ணிட்டு ஓடிவந்து கதவைத் திறடா."

ஏழு மாதமாக அப்படியே செய்கிறேன். எவ்வளவு விரட்டி வந்தாலும் நின்ற நொடியே அணைக்கிறேன், ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறேன். டர்போவுக்குள் ஆயில் கருகிக் கரியாகிறது. மிதித்தவுடன் விசிலடித்துப் பாய்ந்த கார் இப்போது ஒரு கணம் முனகிவிட்டுத்தான் பாய்கிறது. பின்சீட்டில் இருப்பவருக்கு அது கேட்காது.

இன்று காலை என் தோளைத் தட்டினார். "நீ லீவு எடுத்துக்கய்யா. எம் பொண்ணைக் கூட்டிக்கிட்டு நானே ஏற்காடு ஓட்டிட்டுப் போறேன். மலை ஏறணும், பஸ்ஸு லாரியெல்லாம் முந்தணும். வண்டியப் பத்தி ஏதாவது சொல்லணுமா?"

ஒரு நிமிடம் அப்படியே நின்றேன்.

பிறகு ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.